திர்சாவின் இருபத்திரண்டு வசனங்கள்

"எங்க, காணாமப் போன ஆட்டுக்குட்டி எங்க ஒளிஞ்சிருக்கு? சொல்லு பாப்போம்."

மேரன் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நீலத் துணிப் பலகையைக் காட்டினாள். அதில் துணியில் வெட்டி ஒட்டிய ஒரு மலை, ஒரு மேய்ப்பன், ஆடுகள். பைபிள் கதைப்படி தொண்ணூற்றொன்பது ஆடுகள் வேண்டும். ஒன்பதை வெட்டுவதற்குள் மேரனுக்குக் கை வலித்துவிட்டது. குட்டி மலையின் ஓரத்தில் பாதி தெரியும்படி இருந்தது.

நாலரை வயது திர்சா நாற்காலியை விட்டு எழுந்து பலகையை நோக்கி நடந்தாள்.

"இடத்துல இருந்தே சொல்லணும்."

திர்சா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எழுந்தாள். மூன்றாவது முறை எழுந்தபோது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கீழ்ப்படிதல் அட்டையிலிருந்து மேரன் ஒரு நட்சத்திரத்தை உரித்தாள். பிறகு மகளைத் துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு குட்டி முக்காலி இருந்தது.

"பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியற வசனம். பத்து தடவை."

திர்சா பத்து தடவையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மேரனைக் குழப்பியதே அதுதான். இருபத்திரண்டு வசனங்கள் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் பிள்ளைக்கு, ஓர் இடத்தில் உட்கார மட்டும் ஏன் தெரியவில்லை? வியாழக்கிழமைகளில் சபையின் கீழ்த்தளத்தில் கூடும் தாய்மார்கள் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள். மேரனைப் போலவே எல்லோரும் பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிப்பவர்கள். அடம் காலில் இல்லை, இருதயத்தில் இருக்கிறது. முதல் சொல்லிலேயே கீழ்ப்படியப் பழக்கு என்பார்கள். மேரன் பழக்கினாள். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும், இடுப்பில் கைக்குழந்தை ஆசா அழுதுகொண்டிருப்பான். அப்போதும் பழக்கினாள்.

அவளுடைய அம்மா கோழி இறைச்சி ஆலையில் இரண்டு ஷிஃப்ட் பார்த்தவள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் பகல்நேரக் காப்பகத்து ஜன்னலில் நின்றுகொண்டிருந்த சிறுமி மேரன். தன் பிள்ளை யாருக்காகவும் ஜன்னலில் நிற்கக்கூடாது என்று நினைத்தாள். கணவன் கோல்பி, மின்கம்பங்களில் ஏறி வேலை பார்ப்பவன், வீட்டில் படிப்பிக்க அரை மனதோடு ஒப்புக்கொண்டான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். சரியா வரலைன்னா ஜனவரியில ஜெனல் ஸ்கூல்ல சேத்துடலாம்."

ஜெனல் அவனுடைய அக்கா. அரசுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பதினாலு வருடமாகப் பாடம் எடுப்பவள். மேரனுக்கும் கோல்பிக்கும் சண்டை எதில் தொடங்கினாலும் ஜெனலில் போய்த்தான் முடியும்.

நவம்பரில் அறுவடை ஞாயிறு வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். தாய்மார்களில் ஒருத்தியான ரோடா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, அவரவர் வசனமும் படமும் உள்ள அட்டையைத் தூக்கிப் பிடிக்க, அதைப் பார்த்து வசனம் வாசித்தார்கள். திர்சாவின் முறை வந்தது. அவள் அட்டையை நேராகப் பார்த்து, திராட்சைக் கொடியைப் பற்றிய தன் வசனத்தை மணி மணியாகச் சொன்னாள்.

ரோடா பிடித்திருந்ததோ முந்தைய பையனின் அட்டை. அதை அடைத்தபடி ஒரு பெரிய ஆரஞ்சுப் பூசணிக்காய் இருந்தது.

சபையே செல்லமாகச் சிரித்தது. போதகர் கைதட்டினார். மேரனும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெனல் மட்டும் சிரிக்கவில்லை.

கீழ்த்தளத்தில் மிளகாய்க் குழம்பும் சோள ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவள் மேரனிடம் வந்தாள்.

"மேரன், அவ அட்டையைப் பாக்கவே இல்ல."

"நாலரை வயசுல யாரு படிப்பா? மனப்பாடம்தான். உங்க ஸ்கூல்ல மட்டும் பொறக்கும்போதே படிச்சுட்டா வருதுங்க?"

"எழுத்தை விடு. அது பூசணிக்காயா திராட்சையான்னுகூட அவளுக்குத் தெரியலையே." ஜெனல் குனிந்தாள். "திர்சா கண்ணு, கடல்கொள்ளைக்காரி ஆட்டம் ஆடலாமா? ஒரு கண்ணை மூடிக்கிட்டு அத்தை கையில என்ன இருக்குன்னு சொல்லணும்."

ஜெனல் ஒரு கையால் குழந்தையின் வலது கண்ணை மூடினாள். "கரண்டி!" என்றாள் திர்சா. இடது கண்ணை மூடினாள். குழந்தையின் உடம்பு விறைத்தது. அத்தையின் கையைத் தட்டிவிட்டு வீறிட்டாள்.

"பாத்தியா? தினமும் எங்கிட்ட இதே கூத்துதான். அடம்," என்றாள் மேரன்.

"அடம் இல்லடி. அவளுக்கு இருட்டிப்போச்சு. எங்க ஸ்கூல்ல செப்டம்பர்லயே எல்லாக் குழந்தைக்கும் கண்ணு பாத்துடுவோம். அங்க வந்திருந்தா..."

"ம்? வந்திருந்தா? முழுசா சொல்லேன். இந்த ஒரு வார்த்தைக்குத்தான மூணு மாசமா காத்துக்கிட்டிருந்த!"

கோல்பி தட்டோடு ஓடி வந்தான். "ரெண்டு பேரும் சர்ச்சுல நிக்கறீங்க. குரலைக் குறைங்க."

"உங்க அக்காகிட்ட சொல்லு," என்று ஆசாவை வாரியெடுத்துக்கொண்டு மேரன் வெளியேறினாள்.

செவ்வாய்க்கிழமை கண் மருத்துவர் திர்சாவை அரைமணி நேரம் சோதித்தார். இரண்டு கண்ணிலும் தூரப் பார்வை குறைவு. வலது கண் மிக மோசம். மூளை அதை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்துவிட்டது.

"நாலரைதானே, நேரம் இருக்கு," என்றார். "கண்ணாடி போடணும். நல்ல கண்ணை தினமும் ஆறு மணி நேரம் ஒட்டி மூடணும், அப்பத்தான் மத்தது வேலை செய்யும். அழுவா, பிச்சுப் போடுவா. நீங்க விட்டுடக்கூடாது." பிறகு எழுதிக்கொண்டே கேட்டார், "வீட்டுல எதையாவது பாக்கணும்னா எழுந்து கிட்டப் போவாளா?"

"போவா," என்றாள் மேரன்.

வீடு திரும்பும் வழியில் பிள்ளைகள் இருவரும் பின்னால் தூங்கிப்போனார்கள். கோல்பி வண்டியை ஓட்டினான்.

"திட்டிடு, கோல்பி. ஜனவரின்னு சொல்லு, ஜெனல்னு சொல்லு. ஏதாவது சொல்லு."

"என்னத்த சொல்ல?"

"ரெண்டு மாசம். எழுந்து போய்ப் பாத்ததுக்கு அந்த முக்காலியில உக்கார வச்சேன். அவளும் தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சு பத்து தடவை சொல்லிக்கிட்டே இருந்தா."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

"போன மாசம் வயல் ஓரத்துல மான் நிக்குதுன்னு காட்டினேன். பாத்தேன்னா. எத்தனைன்னு கேட்டா அஞ்சுங்கறா. நின்னது ஒண்ணு. பொய் சொல்றாளேன்னு முதுகுல ரெண்டு வச்சேன். உனக்குச் சொல்லல."

மேரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் அது போதவில்லை, ஆனாலும் விடவில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஜெனலை அழைத்தாள்.

"நீ சொன்னது சரி."

"சரியா இருக்கக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன், மேரன்."

"வியாழக்கிழமை சர்ச்சுக்கு வர்றியா? அங்க பதினோரு பிள்ளைங்க இருக்கு. உங்ககிட்ட கண்ணு பாக்குற அட்டை இருக்குல்ல, எடுத்துட்டு வா."

"உங்க ஆளுங்க என்னை உள்ள விடுவாங்களா?"

"முதல்ல நான் பண்ணினதைச் சொல்லிடறேன். அப்புறம் விடுவாங்க."

அடுத்த வாரம் கண்ணாடி வந்தது. கடையிலேயே மாட்டிக்கொண்டு திர்சா தகப்பனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்பா, உங்க மூக்கு மேல புள்ளி புள்ளியா இருக்கு!" கோல்பி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கண்ணாடி அலமாரிகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மறுநாள் காலை, இடது கண்ணில் ஒட்ட வேண்டிய பட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் மேரன் மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"திர்சா, நீ எழுந்து போனது தப்பே இல்ல. உனக்குக் கண்ணு தெரியல, அம்மாவுக்கு அது புரியல. தப்பு பண்ணினது அம்மாதான். என்னை மன்னிப்பியா?"

"மன்னிக்கிறேன், அம்மா. இயேசுவும் உங்களை நேசிக்கிறார்."

கேட்ட மாத்திரத்தில் வந்தது பதில். இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவளே மேரன்தான். அதில் எவ்வளவு குழந்தையுடையது, எவ்வளவு தன்னுடையது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அது சொல்லிக்குடுத்தது. உனக்கு நெஜமா என்ன தோணுதோ அதைச் சொல்லு. அம்மா கோச்சுக்க மாட்டேன்."

திர்சா புதுக் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். பொறியா என்று சந்தேகப்படுவது போல், பக்கத்தில் நின்ற தகப்பனையும் ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கு அந்த ரூம் பிடிக்கல," என்றாள். பிறகு மெல்ல, "உங்களையும் பிடிக்கல."

"ஏய், அம்மாகிட்ட..." என்று கோல்பி தொடங்கினான்.

"விடு, கோல்பி. பேசட்டும்."

குழந்தை பேசினாள். முக்காலி சில்லென்று இருந்தது, துவைக்கும் மெஷின் சத்தம் பயமாக இருந்தது, ஆசா ஒருநாளும் அங்கே உட்காரவில்லை. மேரன் மண்டியிட்டபடியே கேட்டாள். கேட்டு முடிந்ததும் பட்டையின் தாளை உரித்தாள். திர்சா அலறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"வேணாம்மா! நான் நல்லா உக்காந்துக்கறேன்! எழுந்திரிக்கவே மாட்டேன்!"

"இது தண்டனை இல்லடா செல்லம்."

குழந்தை நம்பவில்லை. நம்புவதற்கு நாளாகும். கோல்பி வந்து மகளை மடியில் வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். மேரன் பட்டையை ஒட்டி நல்ல கண்ணை மூடினாள்.