பச்சை இலைக்காரரும் நானும்

போன வருஷம் எங்கள் தெருச் சங்கம் இலையுதிர்காலச் செவ்விலை பார்க்கப் போனபோது மலை முழுக்கப் பச்சையாக இருந்தது. நாள் குறித்தவர் குவபாரா. இலை எப்போது சிவக்கும் என்று டிவியில் காட்டும் வரைபடத்தை நம்பிக் குறித்தார். அன்றிலிருந்து பொதுக் குளியல்கூடத்தில் அவரைக் கண்டாலே, "வாங்க பச்சை இலை!" என்பேன். ஒரு நாள் தவறவில்லை.

இந்த வருஷம் ஏற்பாட்டாளர் முறை எனக்கு வந்தது.

செப்டம்பரிலேயே பஸ் பதிவு செய்யவேண்டும். டிவிக்காரன் நவம்பர் முதல் வாரம் என்றான். நாற்பது வருஷம் கூரை வேய்ந்தவன் நான், வானிலை சொல்கிறவனை நம்ப மாட்டேன். மலையடிவாரத்து டீக்கடை அம்மாவுக்கு போன் போட்டேன். "இப்பவே ரொம்ப அழகுங்க, வாங்க!" என்றாள். அப்போது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வியாபாரி வாய் அப்படித்தான். டிவிக்காரன் சொன்னதோடு இரண்டு வாரம் கூட்டி, நவம்பர் பதினெட்டாம் தேதி என்று பஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தேன்.

ஏற்பாட்டாளர் முன்கூட்டியே இடத்தைப் போய்ப் பார்த்துவருவது எங்கள் வழக்கம். நவம்பர் ஆறாம் தேதி காலை ரயிலில் தனியாகப் போனேன். மலை தீப்பிடித்த மாதிரி சிவந்திருந்தது. அத்தனை அழகைப் பார்த்து விரல் விட்டு நாள் எண்ணியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்னும் பன்னிரண்டு நாள் தாங்காது.

பாதையோரத்து ஆளுயரக் கல்விளக்குக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். தொப்பி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி. அந்த வளைந்த கால் எனக்குத் தெரியாதா?

"யோவ் குவபாரா! இங்க என்ன பண்றீரு?"

"காத்து வாங்க வந்தேன், மிசோகுச்சி சான்." பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சிவப்பா இருக்கு, உம்ம மூஞ்சி மட்டும் ஏன் வெளுத்திருக்கு?"

"பஸ்காரன் தேதி மாத்துவான்."

"மாத்துவான், மாத்துவான். சீசன்ல உமக்குன்னு ஒரு பஸ்ஸ ஒளிச்சு வச்சிருப்பான்."

போன் போட்டுக் கேட்டேன்; ஒளித்துவைக்கவில்லை. ஒரு பஸ்கூட இல்லை. வீட்டுக்கு வந்து, காற்று மழை வராமலிருக்கத் துணிப்பொம்மை செய்து கூரை விளிம்பில் கட்டினேன். ஒன்றல்ல, பதினொன்று. நாலாம் நாள் அடித்த காற்றில் பொம்மைகளே பறந்துபோயின.

பதினெட்டாம் தேதி முப்பத்திநாலு கிழங்களோடு பஸ் கிளம்பியது. குவபாரா முதல் இருக்கையில், புதுச் சட்டையில். எனக்குப் பட்டப்பெயர் தயார் செய்துவிட்டார் என்று இளித்த பல்லைப் பார்த்தாலே தெரிந்தது.

இறங்கினோம். மரங்களில் ஓர் இலைகூட இல்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். குவபாரா தொண்டையைச் செருமினார்.

"ஐயோ, என்ன அழகு!"

சொன்னது டோகியே அம்மா. எண்பத்தாறு வயது, முதுகு அரிவாளாக வளைந்தவர். "முப்பது வருஷமா வர்றேன். மேல பாருங்க, மேல பாருங்கன்னு கத்துவீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க செருப்புதான். இன்னைக்குத்தான்யா முழுசா பாக்குறேன்!"

குனிந்தேன். பாதை, படிக்கட்டு, ஓடைக்கரை, எங்கும் கணுக்கால் ஆழத்துக்குச் சிவப்பு இலை. மற்றவர்களும் குனிந்தார்கள். கழுத்து வலிக்காரர்கள் எங்கள் சங்கத்தில் அதிகம்.

"மிசோகுச்சி சான், எங்களுக்காக யோசிச்சே தேதி வச்சீங்களா?" என்றார் டோகியே அம்மா.

உண்மை என் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுத் தலையாட்டினேன். பிறகு குவபாராவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், நான் காலி.

பக்கத்தில் வந்து காதோரம் கேட்டார். "என் பேரு என்ன?"

"குவபாரா சான்."

"சத்தமா."

"குவபாரா சான்!" என்றேன், ஊருக்கே கேட்க. அவர் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் டோகியே அம்மா எழுந்து, இனி வருஷா வருஷம் மிசோகுச்சி சான்தான் ஏற்பாட்டாளர், இலை இப்படியே கீழே கிடக்கவேண்டும் என்றார். கைதட்டல். ஓங்கித் தட்டியது குவபாரா.

"அடுத்த வருஷம் எலை விழலைன்னா என்னய்யா பண்றது?" என்று அவரிடம் முணுமுணுத்தேன்.

"மொத நாளே போய் மரத்தை உலுக்கும்," என்றார். "கல்விளக்குக்குப் பின்னாடி நின்னு யாரும் வர்றாங்களான்னு நான் பாத்துக்கறேன்."