நொட்டையார் கத்தி வாங்கப் போனார்

தன்மேல் இரக்கப்பட்டு யாராவது வாங்கித் தந்த பொருளை நொட்டையார் தொடமாட்டார். இதைத் தையல்காரி ஒரு ரேடியோவைப் பலி கொடுத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

நொட்டையார் அவள் புருஷன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெகுகாலம் ஸ்டோர்ஸ்காரராக இருந்தவர். ஒரு ஸ்பேனரைக் கொண்டுபோய் நீட்டினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். கடைசியில் ஒரு நொட்டை சொல்லாமல் விடமாட்டார். சொன்னதோடும் விடமாட்டார். அந்த நொட்டைக்கு ஒரு விலை போட்டு, அதைப் பில்லில் கழிக்கச் சொல்வார். சரக்கு விற்க வந்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர்தான் நொட்டையார். அது அவர் காதுக்கே எட்டியபோது, "பரவாயில்லையே, பேரு பொருத்தமாத்தான் இருக்கு" என்றாராம். அவர் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்ட சரக்கு அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவர் போன மழைக்காலத்தில் ஒரு காலை பல் விளக்கும்போது பிரஷ்ஷைக் கீழே நழுவவிட்டார். எடுக்கக் கை போகவில்லை. ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, பயிற்சி என்று அலைந்து முடித்தபோது கால் திரும்பி வந்திருந்தது. பேச்சும் திரும்பி வந்திருந்தது. வலது கை மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பட்டறையில் மாலை போட்டு மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

பேச்சு வந்ததே தவிர, அதை அவர் செலவழிக்கவில்லை. ஒருநாள் காபியில் சர்க்கரை போட மறந்து கொடுத்துவிட்டாள். குடித்து முடித்து, டம்ளரைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்தார். ஒரு வார்த்தை இல்லை. பாத்திரத்தில் தனக்கென்று வைத்திருந்ததைக் குடித்துப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து உப்பு, புளி, மடித்து வைத்த துணி என்று எல்லாவற்றிலும் குறை கண்டு அவள் உயிரை வாங்கிய மனிதர். அன்றைக்குத்தான் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஒற்றைக் கையால் ஆகாத காரியங்கள் ஒரு வீட்டில் எத்தனை இருக்கின்றன என்பது இரண்டு கை இருக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. பால் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட், மாத்திரை அட்டை, சோப்பின் மேலுறை. முதலில் அவளைக் கூப்பிட்டார். அவள் திரைச்சீலை தைப்பவள். கூப்பிட்டால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள். மிஷின் சத்தம் தன்னால் நிற்கிறது என்பதை அவர் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. கூப்பிடுவதை நிறுத்தினார். ஒரு மத்தியானம் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாயில் பாக்கெட்டோடு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் எதையும் பார்க்காதவளாகத் திரும்பிப் போய், ஊசியில் நூல்கூடக் கோர்க்காமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ரேடியோ கதை இதற்குப் பிறகுதான் நடந்தது. பயிற்சிக்குப் போகிற வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருந்த ரேடியோவை அவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பார்த்தது அவ்வளவுதான். இந்தப் பைத்தியக்காரி சாயங்காலமே போய் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். விலை கேட்கவில்லை, பேரம் பேசவில்லை, முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "நல்லது" என்றார். பெட்டி இன்னும் பீரோ மேல் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

ஆகையால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவராகவே வந்து மிஷின் பக்கத்தில் நின்று, "மடக்குக் கத்தி ஒண்ணு பாத்தேன்" என்றபோது, அவளுக்கு மிஷினை விட்டுத் துள்ளி எழத் தோன்றியது. ஆனாலும் தலையை நிமிர்த்தாமல் மடிப்பை ஓட்டி முடித்தாள்.

"எங்க?"

"ஆணிக் கடையில. தெருவுல இருந்து பாக்க கெட்டியா இருக்கற மாதிரி தெரியுது. ஒட்டியிருக்கற விலைதான் கூட."

"எவ்வளவாம்?"

சொன்னார். இரண்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்தால் வரும் கூலி அது. பத்து ஜன்னல் என்று சொல்லியிருந்தாலும் எடுத்துக் கொடுத்திருப்பாள். ஆனால் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு கத்திக்கா? கொள்ளையா இருக்கே."

"அதான் யோசிக்கறேன்" என்றார் அவர். "கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

இத்தனை மாதத்தில் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றைக்குத்தான். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று: அவரே பார்த்து, அவரே குறை சொல்லி, அவரே விலை பேசி அந்தக் கத்தியை வாங்க வேண்டும். அதில் ஒரு துளி இரக்கம் கலந்தாலும் போயிற்று, அதுவும் பீரோ மேல்தான் ஏறும். மறுநாள் கிளம்பும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

ஆணிக் கடைக்காரர் பட்டறைக்குப் பல காலம் ஆணியும் திருகும் கொடுத்தவர். நொட்டையார் பில்லில் கழித்துக் கழித்தே தன் தலைமுடியில் பாதி போய்விட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர். நொட்டையாரைக் கண்டதும் எழுந்து நின்றார். பார்வை வலது கையில் விழுந்தது. முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று.

"வாங்கண்ணே. வாங்க அண்ணி. சொல்லியனுப்பியிருந்தா வீட்டுக்கே கொண்டு வந்திருப்பேனே."

நொட்டையார் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். கடைக்காரர் கத்தியை எடுத்து, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"விலையெல்லாம் வேண்டாண்ணே. எடுத்துட்டுப் போங்க. உங்க கிட்டப் போய் நான் காசு வாங்குவேனா?"

நல்ல மனசுக்காரர்தான். நல்ல மனசுக்காரர்கள்தான் இப்படிக் காரியத்தைக் கெடுப்பார்கள். நொட்டையார் கையில் வாங்கிய கத்தியைத் திறந்துகூடப் பார்க்காமல் மேசைமேல் வைத்தார். "இன்னொரு நாள் வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

தையல்காரி வேகமாக யோசித்தாள். கையைப் பிடித்து நிறுத்தலாம், "எனக்காக வாங்கிக்கோங்க" என்று கெஞ்சலாம். இரண்டும் ரேடியோ வழிதான். பிறகு அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கடைக்காரரிடம் பாய்ந்தாள்.

"ஓசியில குடுக்கறீங்கன்னா, இதுல அப்படி என்ன கோளாறு?"

"கோளாறா? என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க?"

"பின்ன? நேத்து அவ்வளவு விலை ஒட்டியிருந்த கத்திக்கு இன்னிக்கு விலையே வேண்டாமா? விக்காத சரக்கை யார் தலையிலயாவது கட்டிடலாம்னு பாக்கறீங்களா?"

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள். அவரும் ஒன்றும் மக்கு இல்லை. மெதுவாகத்தான் விளங்கியது, ஆனால் விளங்கியது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்தக் கடையில கோளாறான சரக்கே கிடையாது, தெரிஞ்சுக்கோங்க. சரி, முழு விலை. ஒரு பைசா குறைக்க மாட்டேன். இஷ்டம்னா எடுங்க, இல்லேன்னா வைங்க."

வாசலில் கால் நின்றது. 'ஒரு பைசா குறைக்க மாட்டேன்' என்று ஒரு வியாபாரி சொல்லி, அதைக் கேட்டும் கேட்காமல் நொட்டையார் போன சரித்திரம் இல்லை. திரும்பி வந்தார்.

"எங்க, அதை இப்படிக் குடு."

கத்தியை வெளிச்சத்தில் பிடித்தார். அலகு பிடிக்குள் நடுவாக அமர்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிடியின் ஓரத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார், பிசிறு ஏதாவது குத்துகிறதா என்று. பிறகு அலகின் பக்கத்திலிருந்த சின்னக் குமிழில் இடது கட்டைவிரலை வைத்துத் தள்ளினார். விரல் வழுக்கியது. மறுபடி தள்ளினார். பாதி திறந்து மடங்கிக்கொண்டது. உதவப் போன கடைக்காரரின் கைமேல் தையல்காரி தன் கைப்பையைத் தொப்பென்று வைத்தாள். அடுத்த தள்ளலில் அலகு முழுசாக விரிந்து, 'டக்' என்று நின்றது.

அந்தச் சத்தத்தில் அவர் முகம் மாறியதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

அலகை மேசை விளிம்பில் அழுத்தி ஆட்டினார். அசையவில்லை. "ஆட்டம் இல்ல" என்று ஒத்துக்கொண்டார், ஏதோ கடன் கொடுப்பவர்போல. பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டியின் டேப்பில் நுனியை வைத்து ஒரே இழுப்பு. பெட்டி வாயைப் பிளந்தது.

"ஐயோ, அது வேற ஆளுக்குக் கட்டி வச்சது!"

"மறுபடி கட்டு" என்றார் நொட்டையார். "முனை பரவாயில்ல. இரும்பு நல்ல இரும்பு. திருகு ரெண்டும் தனித்தனியாக் கழட்டற மாதிரி வச்சிருக்கான், புத்திசாலி."

இனி மூடிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இந்தக் கத்தியில் அலகு விரிந்ததும் உள்ளேயிருந்து ஒரு தகடு வந்து அதன் அடியை முட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கிக்கொண்டே அலகை மடக்க வேண்டும். செய்தவன் வலது கைக்காரர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறான். இடது கட்டைவிரல் தகட்டுக்குப் போனது, வழுக்கி வந்தது. ஆள்காட்டி விரலால் முயன்றார். தகடு கொஞ்சம் நகர்ந்தது, ஆனால் மடக்க வேறு கை இல்லை. தொடையில் வைத்து அழுத்திப் பார்த்தார். அலகு சறுக்கி விரலுக்கு வெகு அருகில் வந்து நின்றது.

"புதுசுண்ணே, இறுக்கமாத்தான் இருக்கும். போகப் போக இளகிடும்" என்றார் கடைக்காரர். இந்தத் தடவை வியாபாரக் குரலில்தான் சொன்னார். நொட்டையார் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. அவர் முகம் மெல்ல அந்தச் சுவர் பக்கத்து முகமாக மாறிக்கொண்டிருந்தது.

போச்சு என்று நினைத்தாள் தையல்காரி. அவளிடம் கொடுத்தால் ஒரு நொடி வேலை. கை பரபரத்தது. ஆனால் தானாக வாங்கி மூடினால் அந்தக் கத்தி அவளுடையதாகிவிடும், அவருடையதாக இருக்காது. பரபரத்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கல்யாண வாழ்க்கையில் அவள் செய்த கஷ்டமான காரியங்களில் அது ஒன்று.

நொட்டையார் கத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் போன கைகளையும் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். எத்தனையோ வியாபாரிகளின் தூக்கத்தைக் கெடுத்த கனைப்பு அது.

"தம்பி, இதுல ஒரு நொட்டை இருக்கு."

"சொல்லுங்கண்ணே" என்றார் கடைக்காரர். சொன்ன கையோடு பில் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"திறக்கறது நான் திறந்துடறேன். மூடறதுக்கு இதுக்கு ஒரு ஆள் வேணும்."

"ஆமாண்ணே."

"சும்மா யாராவது வந்தாப் போதாது. கூப்பிட்டா முகம் சுளிக்காம வர்ற ஆளா இருக்கணும். வாழ்நாள் பூராவும் பக்கத்துலயே இருக்கணும். நான் என்ன கத்தினாலும் விட்டுட்டுப் போகாத ஆளா இருக்கணும். அந்த மாதிரி ஆளுக்கு இப்ப என்ன கூலின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"எனக்கும் தெரியாது. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் கேட்டதில்ல." இதைச் சொல்லும்போது அவர் கடைக்காரரைப் பார்க்கவில்லை. "அந்தக் கூலியைக் கழிச்சுட்டு விலையைச் சொல்லு."

"அதைக் கழிச்சா நான்தாண்ணே உங்களுக்குக் காசு தரணும்!"

"தெரியுதில்ல? அப்ப ஒழுங்கான விலைக்கு வா."

அதன்பின் நடந்தது சுத்தமான சண்டை. கடைக்காரர் தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தைச் சொல்லி அழுதார். நொட்டையார் திருகின் தலையில் ஒரு கீறலைக் கண்டுபிடித்தார். கடைக்காரர் அது கீறல் இல்லை, வேலைப்பாடு என்றார். பக்கத்துக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. முடிவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, எண்ணெய் புட்டி ஒன்று இலவசமாகச் சேர்ந்தது. நொட்டையார் இடது கையை வலது பக்கத்துச் சட்டைப் பைக்குள் கஷ்டப்பட்டு விட்டுத் தன் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். யாரும் உதவவில்லை. கடைக்காரர் தோற்றவர் முகத்தோடு பில் போட்டார், ஆனால் பேனா பிடித்த கை துள்ளிக்கொண்டிருந்தது.

தையல்காரி இது எதையும் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, ஆணி டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். எந்த எண்ணும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இங்க பாரு" என்றார் அவர் பின்னாலிருந்து.

திரும்பினாள். திறந்த கத்தியை மேசைமேல் வைத்து, பிடி அவள் பக்கமாக இருக்கும்படி திருப்பி, விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மூடிக் குடு" என்றார். உடனே, பழைய கடுகடுப்போடு, "முதல்ல கண்ணைத் துடை. கண்ணுல தண்ணிய வச்சுக்கிட்டுக் கத்தியைத் தொடாத, கையை வெட்டிக்குவ" என்றார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.