பொங்கல் தின்ற லம்பாம்கள்

அலோர் காஜா பக்கத்துத் தோட்டக் குளத்தில் லம்பாம் மீன்குஞ்சுகளை விடச் சொல்லி, மீன்வள ஆபீசுக்கு நடையாய் நடந்து காரியத்தைச் சாதித்தவர் சிவசாமி. தோட்டத்து ஆட்கள் தூண்டில் போட்டு வீட்டுக்கு மீன் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. குஞ்சு விட்டு வருஷம் திரும்பியும் யார் தூண்டிலிலும் ஒரு செதில்கூட மாட்டவில்லை.

"குளத்துல மீனு விட்டீங்களா, இல்ல கதை விட்டீங்களாண்ணே?" என்று சாப்பாட்டுக் கடையில் தோட்டத்து ஆள் சேகரன் கேட்க, கடையே சிரித்தது.

மீன்கள் இருக்கும் இடம் சிவசாமியின் மனைவி மங்களத்துக்கு மட்டும்தான் தெரியும். குளக்கரை மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுகிறவள் அவள். பூசை மணி அடித்துவிட்டு, மிஞ்சிய பொங்கலைக் கோயிலுக்குப் பின்னால் பெண்கள் குளிக்கும் படியில் போடுவாள். ஆண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது. நெய்யும் முந்திரியும் கிடைக்கிற மீன், புழுவைத் திரும்பிப் பார்க்குமா? அதில் பெரியதற்குக் குண்டன் என்று பெயர்கூட வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் குண்டன் குழம்பாகிவிடுவானே என்று பேசாமல் இருந்தாள்.

மீன் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆபீசிலிருந்து திலீபன் வந்தான். வலை வீசினான். பாசிதான் வந்தது.

"மீனு இல்லைன்னா அடுத்த வாட்டி குஞ்சு கிடைக்காதுங்கண்ணே. அப்படித்தான் எழுதணும்."

சேகரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிவசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் மங்களத்துக்குத் தாங்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய் மணியை அடித்தாள்.

"பின்பக்கம் வாங்க எல்லாரும். இன்னிக்கு மட்டும்!"

மணிச் சத்தத்துக்கு மீன்கள் முண்டியடித்து வர, படியோரம் தண்ணீர் கொதித்தது. குண்டன் முன்னால் வாயைப் பிளந்து நின்றான்.

"என்னாக்கா இது! ஸ்கூல்ல ரிசெஸ் மணி அடிச்ச மாதிரி ஓடி வருதுங்க!" என்றான் திலீபன்.

சேகரன் தூண்டிலை எடுத்தான்.

"டேய், அம்மன் பொங்கல் தின்ன மீனு. தொட்டுத்தான் பாரேன்," என்றாள் மங்களம்.

தூண்டில் சேகரன் முதுகுக்குப் பின்னால் போனது.

"மீனு நல்லா வளந்திருக்குன்னு எழுதிடலாம். ஆனா, ஜனங்க பிடிச்சுத் திங்கத்தானே விட்டது?" திலீபன் பேனாவைக் கடித்தான்.

"அடுத்த வாட்டி விடுற குஞ்சு அவங்களுக்கு. அதுங்களுக்குப் பொங்கல் கிடையாது," என்றாள் மங்களம்.

அன்று மதியம் வீட்டில் டின் சார்டின் குழம்பு. நிமிர்ந்த முகத்தோடு சாப்பிட்ட சிவசாமி, பாதியில் நிறுத்தினார்.

"அந்தக் குண்டன் ஒரு கிலோ தேறுமா?"

"ஏங்க!"

"சும்மா கேட்டேன் லா."