காலண்டரில் இல்லாத ஆட்டம்

“நெஜமாத்தான் கேக்கறேன். ஜனவரியில இத்தினி நாளு இருக்குது. அதுல அந்தப் பத்தாந்தேதிதான் கெடச்சிதா ஒனக்கு?”

“மெதுவா பேசுடா. உள்ள பொண்ணு இருக்குது.”

“இருக்கட்டுமே. அதுங்கிட்டயே கேக்கறேன். எம்மா மெர்லின்...”

“டேய் சீனு, ஒன் கால்ல வோணா உழறேன். வாய மூடுடா.”

உள்ளே கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்த மெர்லின் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பா பெரியநாயகம் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வேலை. ரயிலே அவர் காட்டுகிற வழியில்தான் போக வேண்டும் என்று பெருமையடித்துக்கொள்வார். வந்திருப்பவர் காணை கிராமத்துச் சீனுவாசன். கல்யாணச் செலவுக்கென்று தன் நிலத்தில் விளைந்த அரை மூட்டை மல்லாட்டைக் கடலையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இளம் வயதில் இருவரும் ஒரே கால்பந்து டீம். அப்பா கோல்கீப்பர், சீனுவாசன் ஃபார்வர்டு.

அன்று காலை மாதா கோயில் பூசையில்தான் மெர்லினுக்கும் திண்டிவனம் சகாய பிரவீனுக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் கேட்டபோது கோயிலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் சீனுவாசன் திறந்துவிட்டார்.

“அன்னிக்குத்தான் நம்மாளுங்க ஆஸ்திரேலியாக்காரன்கூட ஆடறானுங்க, தோகாவுல. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஆரம்பம். நீ அந்நேரம் திண்டிவனத்துல மண்டபத்துல நின்னுக்கினு பொண்ணக் கைபிடிச்சிக் குடுத்துக்கினு இருப்ப.”

“தெரியும்” என்றார் அப்பா.

ஆசியக் கோப்பைக் கால்பந்து; ஆஸ்திரேலியாவும் இப்போது ஆசிய நாடுகளோடு சேர்ந்துதான் ஆடுகிறது. இந்தப் பெயரைக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் வளர்ந்ததில்லை. இந்தியா கடைசியாக அதில் ஆடியது எண்பத்து நாலில். அப்போது வீட்டில் டிவி கிடையாது. இந்தியா ஆடி முடித்து ஊர் திரும்பிய சேதியையே டீக்கடைப் பேப்பரின் ஒரு மூலையில்தான் அப்பா படித்தார். அதன்பிறகு மெர்லின் பிறந்தாள், படித்தாள், நர்சரி பள்ளியில் வேலைக்குப் போனாள். இந்தியா மட்டும் அந்தப் பக்கம் போகவே இல்லை. சின்ன வயதில் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் மெர்லினுக்கு ஒரு படம் மனதில் வரும். எங்கோ தொலைதூரத்தில் பனி கொட்டுகிறது. சன்னல் முழுக்க விளக்கெரிகிற ஒரு பெரிய மாளிகை. உள்ளே விருந்து நடக்கிறது. வெளியே ரயில்வே ஸ்வெட்டரோடு அப்பா நிற்கிறார். இந்த ஜனவரியில் அந்தக் கதவு திறக்கப்போகிறது. அவரோ கல்யாண மண்டபத்தில் நிற்கப்போகிறார்.

“தெரிஞ்சா வெச்ச?”

“தெரிஞ்சி எவன்டா வெப்பான்? அவுங்க ஊட்டுல உக்காந்துக்கினு மாதா கோயில் காலண்டரப் பாத்துதான் பேசனோம். கிறிஸ்மசுக்கு முந்தி திருவருகைக் காலத்துல கல்யாணம் கெடையாது. மார்ச்சுல தவக்காலம் வந்துடும். மார்கழியில ஒங்க ஆளுங்க கல்யாணம் வெக்க மாட்டீங்க, மண்டபம் சும்மா கெடக்குது. சம்மந்தி பத்தாந்தேதின்னாரு. நானும் பேஷா வெச்சிக்கலாம்னுட்டேன். திரும்பி வர்றப்ப விக்கிரவாண்டிகிட்ட பஸ்ஸுல ஒறைக்குது. அப்பிடியே ஒக்காந்துட்டேன்.”

அந்தக் காலண்டரில் புனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள், எந்த நாளில் கறி சாப்பிடக்கூடாது என்பதும் இருந்தது. பந்து மட்டும்தான் இல்லை.

“மறுநாளே போனப் போட்டு மாத்தியிருக்கலாமில்ல?”

“இன்னா சொல்லி மாத்தறது? பொண்ணப் பெத்தவன் மேட்ச் பாக்கணுமாம், தேதிய தள்ளி வைங்கன்னா? பைத்தியக்காரன் ஊட்டுல பொண்ணு எடுத்துட்டோம்னு எம்மவள காலத்துக்கும் குத்திக் காட்ட மாட்டாங்க?”

அடுப்படியிலிருந்து அம்மா செபஸ்தியம்மாளின் குரல் வந்தது. “உள்ளதத்தான சொல்லுவாங்க!”

சீனுவாசன் சிரித்துவிட்டுக் குரலைத் தணித்தார். “உடு மச்சான். ஆஸ்திரேலியாக்காரன் ஒவ்வொருத்தனும் பனமரம் கணக்கா இருக்கறான். நம்மாளுங்க தோக்கத்தான் போறானுங்க. அதப் பாத்து நீ இன்னா பண்ணப் போற?”

அப்பா ஒரு மல்லாட்டையைத் தோலுடைக்கிற சத்தம் கேட்டது.

“ஜெயிக்கறதப் பாக்க ஊரே வரும்டா” என்றார் அப்பா. “தோக்கறப்ப கூட இருக்க ஒரு ஆளு வோணாமா?”

மெர்லின் எழுந்து சன்னல் பக்கம் போனாள். சின்னவளாக இருந்தபோது பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் ஓடி முடித்துத் தண்ணீர் குடிக்கவே போய்விட்டார்கள். இவள் மட்டும் பாதி மைதானத்தில், செருப்பு வார் அறுந்து, அழுதுகொண்டே வந்துகொண்டிருந்தாள். முடிவுக் கோட்டில் கட்டிய கயிற்றைக்கூடச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கயிறு இருந்த இடத்தில் அப்பா நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். டூட்டி காக்கிச் சட்டையோடு, ஒரே ஆளாக, இவள் வந்து சேரும்வரை. வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பந்தயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜிலேபி மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அவள் வெளியே வந்தாள். இரண்டு பேரும் சட்டென்று உரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

“அப்பா, பத்தாந்தேதி சாயங்காலம்...”

“சாயங்காலம் இன்னாம்மா? வேனெல்லாம் சொல்லியாச்சி. நீ ஒண்ணும் கவலப்படாத” என்றார் பெரியநாயகம். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தபின் மெர்லினால் மேலே கேட்க முடியவில்லை.

“மாடியில துணி காயுது, எடுத்துக்கினு வர்றேன்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

துணிகள் காற்றில் படபடத்தன. பிரவீனின் எண்ணைத் தேடி எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறான். நிச்சயம் ஆனதிலிருந்து அவன்தான் கூப்பிடுவான். சாப்டியா, பூசைக்குப் போனியா என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. நல்லவன் மாதிரிதான் தெரிந்தது. அவள் அவனிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. புடவை நிறத்தைக்கூட உங்கள் இஷ்டம் என்று விட்டிருந்தாள். முதன்முதலாகக் கேட்கப்போவது இதுவா? அவன் சிரித்துவிட்டால்? அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டால்? அப்பா எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாரோ, அதை அவளே இழுத்து வைத்ததாகிவிடும்.

பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

“அட, மழதான் வரப்போவுது” என்றான் பிரவீன். “நீயே போன் பண்ற.”

“வேலையா இருக்கீங்களா?”

“ஒருத்தருக்கு ஊசி குத்தப் போனேன். நீ போன் பண்ணதும் அவரு தப்பிச்சாரு. சொல்லு.”

“மண்டபத்துல எத்தன மணிக்குக் கைபிடிச்சிக் குடுக்கறது?”

“ஏழு மணிக்குன்னு அம்மா சொல்லிக்கினு இருந்தாங்க. அப்புறம் கேக்கு, போட்டோ. ஏன்?”

“ஒம்போது மணிக்கு வெச்சிக்க முடியாதா?”

“ஒம்போதா? அதுக்குள்ள பாதி சனம் சாப்ட்டுக் கெளம்பிடுமே. இன்னா விஷயம்?”

அவள் சொன்னாள். எண்பத்து நாலிலிருந்து தொடங்கினாள், டீக்கடைப் பேப்பரைச் சொன்னாள், விக்கிரவாண்டியைச் சொன்னாள். பாதியில் அழுகை வரும்போல இருந்தது, காயாத ஒரு துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டாள். போனில் திண்டிவனத்துப் பஸ் ஒன்றின் ஹாரன் நீளமாகக் கேட்டு அடங்கியது.

“நான் கூப்ட்டா அவரு வரமாட்டாரு. மண்டபத்த உட்டுட்டு எந்தப் பொண்ணுக்கு அப்பா டிவி முன்னாடி உக்காருவாரு? ஆனா மாப்பிள கூப்ட்டா தட்ட முடியாது. அதான்...” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “நான் சொன்னேன்னு தெரிய வேணாம். ஒங்களுக்கே அந்த ஆட்டத்தப் பாக்கணும்னு ஆசன்னு சொல்லி, தொணைக்கி எங்கப்பாவக் கூப்புடறீங்களா?”