ஓரகத்தி ரகம்

சைரன் அலறியதும் பெல்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு நின்றது. வரிசையில் நின்ற பன்னிரண்டு பெண்களும் கையைத் தூக்கினார்கள். குப்பை தரம் பிரிக்கும் ஆலையில் அதுதான் முதல் விதி.

"எவடி கையைக் குடுத்தது? எல்லாரும் விரலை எண்ணிக்கோங்க!" என்று கத்தினாள் நாத்தனார்.

யார் கையும் மாட்டவில்லை. பெல்ட்டின் முனையில் புதிதாகப் பொருத்தியிருந்த இயந்திரம்தான் நிறுத்தியிருந்தது. அதன் கேமராவுக்குக் கீழே பழம் அடைத்து விற்கும், கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று கிடந்தது. திரையில் அந்த டப்பாவைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம். கட்டத்தின் மேல் ஒரு சொல்.

நாத்தனார் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஓ...ர...கத்தி."

வரிசையில் நின்ற அவள் தம்பி மனைவி, எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுபவள், முகமூடியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அது நாத்தனார் வைத்த பெயர். அந்த டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சேர்த்து உருக்கினால் மொத்தப் பிளாஸ்டிக்கும் பாழ். "பார்த்தா ஒரே குடும்பம். ஒரே அடுப்புல வெச்சா நாசம்" என்பாள். கசக்கினால் பாட்டில் சடசடக்கும், ஓரகத்தி முனகும். தம்பி மனைவிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தபோது அவள் பின்னால் நின்றுகொண்டு, "கண்ணை மூடு, காதைக் குடு" என்று பழக்கியது நாத்தனார்தான்.

மூன்று மாதம் முன்பு எஞ்சினியர் தம்பி மனைவியை மட்டும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி, மின்விசிறி, இரண்டு வேளை டீ. ஒவ்வொரு துண்டாகக் கேமரா முன் காட்டி, இன்ன ரகம் என்று சொல்ல வேண்டும், அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொள்வார். ஒருநாள் வாய்தவறி 'ஓரகத்தி' என்றாள். "நல்லாயிருக்கே!" என்று சிரித்துவிட்டு அதையே தட்டினார். வரிசையில் இருந்தவர்கள் கேலியாக அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் கேட்டபோது அவள், "சும்மா போட்டோ புடிக்கிறாங்க அண்ணி, விளம்பரத்துக்காம்" என்றாள். சந்தேகமான துண்டுகளைப் பையில் கொண்டுவந்து அண்ணியிடமே கேட்டும் கொண்டாள். இயந்திரம் பொருத்திய பிறகுதான் அவளை வரிசைக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"என் வார்த்தை இதுக்கு எப்படிடி தெரியும்?" நாத்தனார் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"டீச்சர் பாடம் நடத்துனா சும்மாவா? நூத்துக்கு நூறு" என்றாள் பக்கத்தில் நின்றவள். யாரும் சிரிக்கவில்லை. நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். தாளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பெல்ட்டுக்கு இரண்டு பேர் போதுமாம். வேலையைவிட்டு நிறுத்தப்பட்ட ஒன்பது பேரில் முதல் ஆள் நாத்தனார். "டீச்சர் கண்ணாடி ரூம்லயே இருப்பாங்க" என்று முடித்தார்.

நாத்தனார் கையுறைகளைக் கழற்றி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, கம்பியில் காயப்போட்டாள். வீடு வரைக்கும் முன்னால் நடந்தாள். அதன்பின் "சாப்பாடு இருக்கு", "தண்ணி வந்துருச்சு" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி மூலையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் எஞ்சினியர் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகளை நீட்டினார். "கறுப்புன்னா மெஷினுக்குக் கண்ணே தெரியல. இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க டீச்சர்."

வளைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. தெரிந்தவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல வாய் திறந்தவள், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். அறையில் அந்த ஒரு நாற்காலிதான்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

சாயங்காலம் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பையை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தாள்.

"குடு" என்று கையை நீட்டினாள் நாத்தனார்.

தட்டுகளை வாங்கிக் கண்ணை மூடினாள். காதோரம் வைத்து வளைத்தாள், நகத்தால் கீறினாள். பத்து நாளாக இல்லாத வெளிச்சம் முகத்தில் வந்தது.

"இது டொக்குனு பேசுது பாரு, நல்ல சாதி. அது வாயே திறக்காது. வளைச்ச இடத்துல வெள்ளையா கோடு விழும், தூக்கி எறிஞ்சிரு. எழுதிக்கோ, மறந்துருவ."

டீச்சர் எழுதினாள். எழுதி முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை.

"எழுதிட்டியா? கீழ என் பேரையும் போடு. மெஷினுக்கே தெரியாதது எனக்குத் தெரியுதுன்னா, திரும்பக் கூப்பிடாமலா இருப்பாங்க?"