எல்லாக் கணினியிலும் ஸ்பிரிடோன்

எங்கள் ப்ளோவ்திவ் நகர அலுவலகத்தில் எந்தக் கணினியைத் திறந்தாலும் ஸ்பிரிடோன் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஸ்பிரிடோன் நான்தான். பஸ் டிக்கெட் மென்பொருளை நான் தனி ஆளாக எழுத ஆரம்பித்த காலத்தில், எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபைல்களை என் ஃபோல்டரில் போட்டு, சி டிரைவில் தொடங்கும் அந்த முழு முகவரியையும் மென்பொருளுக்குள் அப்படியே எழுதிவைத்தேன். பிறகு வந்தவர்களின் கணினிகளும் அதே முகவரியைத் தேடின. கிடைக்காவிட்டால் மென்பொருள் எழும்பாது. அதைத் திருத்துவானேன் என்று ஆளாளுக்கு என் பெயரில் ஒரு ஃபோல்டரைத் திறந்துகொண்டார்கள். சோம்பேறிகள். எனக்கென்ன வலிக்கிறதா?

டிசம்பரில் புனித ஸ்பிரிடோன் திருநாளில் அந்தப் பெயருள்ளவன்தான் ஊருக்கு இனிப்பு தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மட்டும் எல்லோரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கி வருவார்கள், கணினியில் இருக்கிற ஸ்பிரிடோனுக்காக. நான் கை வீசிக்கொண்டு போய்த் தின்றுவிட்டு வருவேன்.

முதலாளி கிரஸ்த்யோவுக்குக் கணினி என்றால் கிலி. வார்னா கிளைக்கு எங்களில் ஒருவரை அனுப்பியே தீருவதென்று அவர் கங்கணம் கட்டியிருந்தார். குளிர்காலத்தில் வார்னாவில் கடல்காற்று காதை அறுக்கும், பாதிக் கடை மூடிக்கிடக்கும். நான் போனால் தனியாகத்தான் போக வேண்டும் என்று என் மனைவி ஸ்தாங்கா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் பேச்சு என் பக்கம் திரும்பும்போதெல்லாம், எல்லாக் கணினியும் என் பெயரைத்தானே தேடுகிறது, நான் ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகுமோ என்று பெருமூச்சு விடுவேன். மனிதர் வெலவெலத்துப்போய்ப் பேச்சை மாற்றிவிடுவார். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா?

அப்போதுதான் ஷெச்கா என்ற பெண் சொந்த மேக் கணினியோடு வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, மேக்ல சி டிரைவே கிடையாது. உங்க ஃபோல்டரை எந்தத் தலையில தூக்கி வைக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். முழு முகவரிக்குப் பதில் பாத் வேரியபிள் என்று ஒன்று. உள்ளே ஒரு பெயரை மட்டும் எழுதினால் போதும். அந்தப் பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று அவரவர் தம் கணினியில் சொல்லிக்கொள்ளலாம். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பயல்கள் என் ஃபோல்டரைச் சிரித்துக்கொண்டே அழித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பேரெல்லாம் நேற்று வந்தவளுக்குப் போய்விடுமே என்று நானே முந்திக்கொண்டு, ஏதோ நான் பெற்ற பிள்ளை போல அதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ உன் கம்ப்யூட்டர் இங்கேயே இருந்தாகணும்னு இல்லையா, ஸ்பிரோ?"

"எங்க வேணா இருக்கட்டும் முதலாளி. நிலாவுல கொண்டுபோய் வெச்சாலும் ஓடும்."

"வார்னாவுல?"

ஷெச்கா தலையைக் குனிந்துகொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும்.

வார்னாவில் முதல் நாள், முதலாளி போனில் காத்திருக்க, கணினியைத் திறந்தேன். ஒரே ஒரு முறை தடுக்கினால் போதும், திரும்பிப் போக ஒரு சாக்கு கிடைத்துவிடும். கடவுளே, ஓடக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டு ஃபைல்கள் இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லி, பொத்தானை அழுத்தினேன்.

"ஓடுதா ஸ்பிரோ?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் தடவையிலேயே ஓடித் தொலைத்தது.