இடித்தும் நசுங்காத வண்டி

காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட் முழுக்க "மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்வதுதான் என் வேலை. எவர் வீட்டு வாஷிங் மெஷினோ தண்ணீர் கக்கினால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாமல் தூங்கிவிட்டு ஒருத்தி கத்தினால் அதற்கும் நான்தான். குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலும் போச்சு, பதிவைப் போட்டுக் காட்டி மேனேஜர் வகுப்பு எடுப்பார். இப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் கார்களை இடித்து நொறுக்குகிற வீடியோ கேமின் முன்னால் உட்கார்ந்தால் அதில் என்ன அதிசயம்?

அந்த கேமில் யாரையும் முந்த வேண்டாம். ஒரு சேற்று மைதானத்தில் ஓட்டை உடைசல் கார்களை அவிழ்த்து விடுவார்கள். மோத வேண்டும், ரவுண்டு நேரம் முடிகிறவரை ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எதிரே வருகிறவனுடைய பானெட் நசுங்கிப் புகை கிளம்பும்போது வருகிற சுகத்தைச் சொல்லி மாளாது. சிக்னல் இல்லை, போலீஸ் இல்லை, "கண்ணு தெரியலயா?" என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கி வருகிறவன் இல்லை. யாரிடமும் பல்லைக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் குறைகளும் கொஞ்சநஞ்சமில்லை. கம்ப்யூட்டர் ஓட்டுகிற கார்கள் சொல்லிவைத்தாற்போல என் மேலேயே வந்து விழும். ஒரு இடி வசமாக விழுந்தால் ஆட்டம் காலி, மற்றவர்கள் முடிக்கிறவரை கன்னத்தில் கைவைத்து வேடிக்கை பார்க்க வேண்டும். சக்கரம் கழன்றுபோன கார் ஜம்மென்று ஓடும், நன்றாக இருக்கிற கார் உப்புப்பெறாத இடிக்கு நின்றுவிடும். பாடுபட்டு ஒருவனை நொறுக்கினால் அடுத்த ரவுண்டில் அவனே புத்தம்புது பெயிண்டோடு வந்து நிற்பான். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் எதற்கு மாடு மாதிரி முட்டினேன்?

இதெல்லாம் தெரிந்தும், என் வாழ்க்கையின் பெரிய முடிவு ஒன்றை அந்த கேமை நம்பி விட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. விடியும்போது போய் மதியம் திரும்புவாள். அவள் உள்ளே நுழைய, நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவேன். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எங்கள் பிழைப்பு இப்படித்தான். அத்தையால் தானாகத் திரும்பிக்கூடப் படுக்க முடியாது, எந்நேரமும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இந்த நிலையில்தான் வேலை விஷயமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் நல்ல செய்தி வந்து தொலைத்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பதவி எனக்கு. இனி போனை எடுக்க வேண்டாம், ஆனால் மூன்று மாதம் தலைமை அலுவலகம் இருக்கிற ஊரில் போய் இருக்க வேண்டும். வாலுவுக்கு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் லேபையே பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டு பேரும் போனால் அத்தையை யார் பார்ப்பது? ஒருத்தி இருந்தே ஆக வேண்டும். யார் என்பதுதான் சண்டை. ஒரு வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை, சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன.

என் கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தபடியேதான் வேலை பார்ப்பார். நடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே தலை தெரியும். எனக்கு வார லீவான அன்று சாயங்காலம் தட்டும் கையுமாக வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கப் போறீங்க? பேசாம கேம்ல தீத்துக்கோங்க. ஜெயிக்கிறவங்க ஊருக்குப் போகட்டும், தோக்கறவங்க அம்மாவப் பாத்துக்கட்டும்."

"என்னங்க, தமாஷா இருக்கா உங்களுக்கு?"

"நான் ரெடி அண்ணா," என்றாள் வாலு. "அண்ணிக்குப் பயமா இருந்தா வேண்டாம்."

எனக்கா பயம்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "போடுங்க," என்றேன்.

அவரே எல்லாவற்றையும் அமுக்கி ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுத்தார். டிவியில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. இரண்டு கார்களும் நீல நிறம். நான் வேறு எவனையும் பார்க்கவில்லை, ஒரு வாரத்துக் கோபத்தையும் சேர்த்து மிதித்து நேராகப் போய் அவள் கதவில் மோதினேன். டமாரென்று சத்தம் வந்தது. காரில் ஒரு கீறல் இல்லை. பின்னால் போய் மறுபடி மோதினேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"என்ன அண்ணி, தடவிக் குடுக்கறீங்களா?" என்று சிரித்துவிட்டு அவள் திருப்பி என்னை இடித்தாள். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள் போல முட்டிக்கொண்டோம்.

"அடடா!" என்றார் என் கணவர், திரை ஓரத்தில் இருந்ததைப் படித்துவிட்டு. "ஒரே டிவில ரெண்டு பேர் ஆடினா ஒரே டீமாத்தான் போடுமாம். எதிரெதிரா ஆடணும்னா ஆன்லைன்ல, ஆளுக்கொரு டிவி வேணும்."

"அத முன்னாடியே பாக்க மாட்டீங்களா?"

"சரி விடு. யாரு வண்டி முதல்ல நிக்குதோ அவங்க தோத்தாங்க. போங்க, போங்க!"

அவளை நான் இடித்து நிறுத்த முடியாது. மற்றவர்கள் இடிக்கிற இடத்துக்குத் தள்ளிவிடலாம் அல்லவா? அதைத்தான் செய்தேன். அவளும் சளைக்கவில்லை, என்னைப் போகிற வருகிறவனுக்கெல்லாம் குறுக்கே தள்ளினாள். ஒவ்வொன்றாகக் கார்கள் புகைந்து நின்றன. கடைசியில் மிச்சம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மஞ்சள் லாரியும்தான். வாலுவின் கார் மூலையில் சேற்றில் சிக்கிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. லாரி அவளைப் பார்த்துத்தான் திரும்பியது. ஒரு இடி போதும், நான் ஊருக்குப் போகலாம். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் கட்டியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் 'வா, வா, இடி' என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் ரவுண்டு நேரம் முடிந்துவிட்டது. லாரி பாதி வழியில் அப்படியே நின்றது. திரை முழுக்கக் கலர்க் காகிதம் கொட்டி, நீல டீம் வெற்றி என்று எழுத்து வந்தது.

"பிரமாதம்! ரெண்டு பேருமே ஜெயிச்சாச்சு!" என்று கைதட்டினார் அவர். "இன்னொரு ரவுண்டு போடலாமா?"

"போதும் நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த குரல் எல்லாம் சேர்ந்து வந்தது. "இது என் வேலைங்க. உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?"

வாலு அழுதுவிட்டாள். "எனக்கும் இந்த வேலை வேணும் அண்ணி. இதை விட்டா ஊசி குத்திக் குத்தியே எனக்கு வயசாகிடும்."

"எனக்கும் வேணும்டி. நான் மட்டும் காலம் பூரா போன்லயே கெடக்கணுமா?"

"அப்போ அம்மாவ யாரு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். மெல்லத் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் தட்டில் மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீ நாள் முழுக்க வீட்லதானே இருக்கே?"

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "நானா? எனக்கு மீட்டிங் இருக்கும்மா."

"எங்களுக்கு மட்டும் வேலை இல்லையா?"

"அதில்ல, குளிப்பாட்டறது, துணி மாத்தறது எல்லாம் நான் எப்படி..."

"அதுக்கு ஒரு ஆயாவ வெக்கலாங்க. தண்ணி குடுக்க, மாத்திரை குடுக்க, தூக்கி உக்கார வெக்க உங்களுக்குக் கை இல்லையா?"

அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது. பத்தடி தூரத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரமாக ஒருத்தியை ஒருத்தி கடித்துக் குதறியிருக்கிறோம். புத்தி எங்கே மேயப் போயிருந்தது எங்களுக்கு?

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "யாராச்சும் வாங்களேன், கொஞ்சம் திருப்பி விடுங்க."

"அம்மா கூப்பிடறாங்க பாருங்க," என்றார் அவர், எங்களிடம்.

நாங்கள் எழுந்திருக்கவில்லை. அத்தை மறுபடி கூப்பிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார், வாலுவைப் பார்த்தார், கையைக் கழுவினார், துண்டில் மெதுவாகத் துடைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே போனார்.

"எந்தப் பக்கம் கை வெச்சுத் தூக்கணும்?" என்று அங்கிருந்து கத்தினார். வாலு பாதி எழுந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து அமுக்கினேன்.

"உக்காருடி. அத்தைக்கு வாய் இருக்கு, சொல்லுவாங்க."

"நீ எதுக்குடா வந்தே?" என்று அத்தை கேட்பது கேட்டது. "அவளுங்க எங்க?"

"ஊருக்குப் போறாங்களாம்மா."

"ரெண்டு பேருமா? அப்போ என்னை யாருடா பாத்துக்கறது?"

நானும் வாலுவும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நான்தான்," என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு எரிச்சல்.